ஏழாவது கோரிக்கை

ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. இன்னமும் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீ குடிக்க நின்றால், ஏதாவது ஒரு பைக் வந்து என் பக்கத்தில் நிற்கும். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், “அண்ணே, அடுத்தது எப்பண்ணே வரும்?” என்பார்கள்.

எது என்று நான் திருப்பிக் கேட்பதில்லை. நான் வேலை பார்த்த கம்பெனி ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் கார் செய்கிறது. இரண்டே கதவு, தரையோடு தரையாகப் படுத்த உடம்பு, சம்பளக்காரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாங்கிவிடக்கூடிய விலை. அதன் புது மாடல் வந்து இன்னும் ஒரு வருஷம் நிறையவில்லை. அதற்குள் அதற்கடுத்த மாடலில் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஆசைப்பட ஆரம்பித்துவிட்டார்கள். கல்யாணப் பந்தியில் இலை எடுக்கும் முன்பே வளைகாப்பு எப்போது என்று விசாரிக்கிற சொந்தக்காரர்கள் மாதிரி.

நான் அந்தக் கம்பெனியில் டெஸ்ட் டிரைவர். கடைக்கு வராத வண்டியை முதலில் மலையில் ஏற்றி இறக்கிப் பார்க்கிற சோலி. இப்போது பாதிச் சோதனையைக் கம்ப்யூட்டரே செய்துவிடுகிறதாம். எனக்குப் பின்னால் வந்த டிரைவர்கள் போன் பண்ணி, “அப்படி மலையில என்னதாண்ணே பண்ணீங்க?” என்று கேட்கிறார்கள். கம்ப்யூட்டருக்கு எல்லாம் உண்டு, முழங்கால் மட்டும் கிடையாது என்று அவர்களிடம் சொன்னேன். புரியவில்லை என்றார்கள். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் நாலு வயதில் கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து கப்பலேறி வந்தவன். கொடைக்கானல் மலையில் கூலி வேலை கிடைத்ததென்று அப்பா குடும்பத்தோடு ஏறினார். பதினெட்டில் காப்பித் தோட்டத்து லாரி, இருபத்தைந்தில் டூரிஸ்ட் வேன், முப்பத்திரண்டில் இந்தக் கம்பெனி. எனக்கு மூன்று மாதம் பயிற்சி கொடுத்தார்கள். அதில் இரண்டரை மாதம் எப்படி ஓட்டுவது என்பதற்கல்ல, எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது என்பதற்கு.

வெளிவராத வண்டியை யாரும் பார்த்துவிடக்கூடாது. அதற்காகக் கறுப்பும் வெள்ளையுமாகச் சுழி சுழியாய் ஸ்டிக்கர் ஒட்டி, அதற்கடியில் அங்கங்கே பஞ்சு வைத்து, வண்டியின் வடிவமே தெரியாமல் செய்திருப்பார்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் நின்றால் துணி உறை போட்டு மூட வேண்டும். போனைப் பையில் போட்டு சீல் வைத்துவிட வேண்டும். யாராவது விசாரித்தால் “எனக்குத் தெரியாதுங்க, நான் டிரைவர்” என்ற ஒரே வசனம்தான். வேறு ஆளை உள்ளே உட்கார வைத்தால் வேலை போய்விடும், அதற்கு விசாரணைகூடக் கிடையாது. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு நாளுக்கு இரண்டு நடை. பக்கத்து சீட்டில் ஆளுக்குப் பதில் மணல் மூட்டை. அதற்கு பெல்ட்டும் போட வேண்டும். இருபத்தெட்டு வருஷம் என்னோடு அதிகம் பயணம் செய்தது அந்த மணல் மூட்டைதான். ஒரு நாளும் என்னை எதிர்த்துப் பேசியதில்லை.

கடைசி நான்கு வருஷம் எனக்கு மேலதிகாரி வித்யா மேடம். சென்னைக்காரர், நாற்பது வயதுக்குள் இருக்கும். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. கழுத்தில் தாலிக்கொடிக்குப் பக்கத்திலேயே ஸ்டாப் வாட்ச் தொங்கும். கைப்பையில் இரும்பு டேப். எதைச் சொன்னாலும் “எழுதுங்க” என்பார். ஒவ்வொரு நடைக்கும் ஒரு தாள் உண்டு. பிரேக் சூடு, கியர் விழுகிற விதம், எல்லாவற்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு, கடைசியில் ‘ஓட்டுநர் கருத்து’ என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும். ஒரு தடவை அதில், டம்டம் பாறை தாண்டி வளைவில் வண்டி லேசாக முரண்டு பிடிக்கிறது என்று எழுதிவிட்டேன்.

“முரண்டு பிடிக்க அது என்ன மாடா, முத்தையா?” என்றார். “என்ன பண்ணுது, எந்த இடத்துல பண்ணுது, எத்தனை ஸ்பீடுல பண்ணுது?”

அன்றைக்கு அந்த ஒரே வளைவில் பத்தொன்பது முறை ஏறி இறங்கினேன். பத்தொன்பதாவது முறைதான், முன் இடது சக்கரத்துப் பக்கம் ஏதோ போல்ட் தளர்ந்திருப்பது தெரிந்தது. மேடம் பாராட்டவில்லை. “இத முதல்லயே எழுதியிருக்கலாமே” என்று மட்டும் சொன்னார்.

புது ஸ்போர்ட்ஸ் கார் மலைக்கு வந்தது அவர் காலத்தில்தான். வந்த மூன்றாம் நாளே சேதி பரவிவிட்டது. கொடைக்கானலில் இந்தக் காருக்கு ஒரு ரசிகர் சங்கம் இருக்கிறது. உறுப்பினர்கள் பதினான்கு பேர். அதில் பதின்மூன்று பேரிடம் பைக்கோ, ஜீப்போ, காய்கறி வேனோ இருந்தது. அந்தக் காரின் பழைய மாடலை வைத்திருந்தவர் ஒரே ஒருவர். அதனாலேயே அவரைத் தலைவராக்கியிருந்தார்கள். ஜெயசீலன் சார், மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், அறுபத்தொரு வயது. ஏரியைச் சுற்றி அந்தச் சிவப்புக் காரில் அவர் போனால் டூரிஸ்ட்டுகள் குதிரையை விட்டுவிட்டு அவரைப் போட்டோ எடுப்பார்கள்.

பெருமாள்மலையில் ஒரு காலை, முன்னால் போன பஸ் ஆள் ஏற்றுவதற்காக நின்றது. நானும் நிற்க வேண்டியதாயிற்று. மரத்துக்குப் பின்னாலிருந்து பதினான்கு பேரும் வந்து வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். ஜெயசீலன் சார் ஒரு கவரை வைப்பருக்கு அடியில் செருகினார்.

“கம்பெனிக்கு எங்க கோரிக்கை. பத்து இருக்கு. தயவுசெஞ்சு மேல சேத்துருங்க.”

“எனக்குத் தெரியாதுங்க, நான் டிரைவர்.”

“கையால கியர் போடுறது இருக்கணும், ஆட்டோமேட்டிக்கா மட்டும் வந்துறக்கூடாதுன்னு சொல்லுங்க” என்றது ஒரு குரல். “சத்தம் பெருமாள்மலையில கெளம்பினா ஊத்து ஊருல கேக்கணும்” என்றது இன்னொன்று. பஸ் நகர்ந்தது. நானும் நகர்ந்தேன்.

படிக்கக்கூடாதுதான். படித்தேன். முதல் கோரிக்கை விலை ஏறக்கூடாது. பத்தாவது கோரிக்கை, எங்கள் ஆயுளுக்குள் வர வேண்டும். ஏழாவது இப்படி இருந்தது: ‘இருக்கை இப்போதிருப்பதைவிட இன்னும் தாழ்வாக இருக்க வேண்டும். உட்கார்ந்தபடி கையை நீட்டினால் தார் ரோடு தட்டுப்பட வேண்டும்.’ கீழே பதினான்கு கையெழுத்து. முதல் கையெழுத்து தலைவருடையது.

மறுநாள் அதே பெருமாள்மலையில், ஒரு டீக்கடையில் ஜெயசீலன் சார் தனியாக நின்றிருந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

“முத்தையா, ஒரு விஷயம். அந்த ஏழாவது கோரிக்கையை மட்டும் கம்பெனி கண்டுக்க வேணாம்னு சொல்லிருங்க.”

“நீங்கதான சார் கையெழுத்துப் போட்டிருக்கீங்க?”

“தலைவரா போட்டேன். எம் முழங்காலு போடல.”

அப்புறம் எல்லாம் வெளியே வந்தது. அந்தக் காரில் ஏறுவதற்கு ஆசை போதும், இறங்குவதற்கு முழங்கால் வேண்டும். சாருக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. ஐந்து வருஷமாகக் காரை ஒரு மரத்தையோ கம்பத்தையோ ஒட்டித்தான் நிறுத்துவாராம், பிடித்து எழுந்திருக்க. நிழலுக்காக நிறுத்துகிறார் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. கொடைக்கானலில் ஒரு மனுஷனுக்கு நிழல் எதற்கு என்று யாருக்கும் தோன்றவில்லை. செகண்ட் ஹாண்டில் வாங்கிய பழைய காருக்கு இனி தகுதிச் சான்று, அதான் எஃப்.சி., கிடைக்காது, அடுத்த வருஷத்தோடு அதன் கதை முடிந்தது. புது மாடலுக்காகத்தான் காத்திருக்கிறார். அவர் மனைவி ஸ்டெல்லா அம்மா முப்பது வருஷம் எலும்பு வார்டில் நர்ஸ். அந்த அம்மா ஒரு நிபந்தனை போட்டிருந்தார். யாரும் கை கொடுக்காமல் சார் அவராக ஏறி அவராக இறங்கினால் அந்தக் காரை வாங்கிக்கொள்ளலாம். முடியாவிட்டால் ஆஸ்பத்திரி வேன் மாதிரி உயரமாக ஒரு வண்டி இருக்கிறதே, அதுதான்.

“கர்த்தர் சாட்சியா சொல்லிட்டா. இனி மாத்த மாட்டா” என்றார் சார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சம்பளம் வாங்கிய காலமெல்லாம் பிள்ளைகளைப் படிக்க வைத்து, கட்டிக் கொடுத்து, ஒருவழியாக ஆசைக்குக் காசு சேர்கிறபோது அந்த ஆசை முழங்காலுக்குக் கீழே போய்விடுகிறது. இந்தக் காருக்கு ஆசைப்படுகிறவர்கள் வேறு, வாங்குகிறவர்கள் வேறு என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

கவரை முறைப்படி மேடத்திடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு, “பதினாலு பேர்ல எத்தனை பேர் வாங்குவாங்க?” என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். ஃபைலில் வைத்துக்கொண்டார்.

இதெல்லாம் நடந்தபோது எனக்கு ஓய்வுக்கு எட்டு மாதம் இருந்தது. இனி வருவது இருபத்தெட்டு வருஷத்தில் நான் செய்த ஒரே தப்பு.

மோசமான ரோட்டில் ஓட்டிப் பார்ப்பதற்காக ஒரு வாரம் கூக்காலுக்குப் போனோம். நான் முன்னால் டெஸ்ட் காரில், மேடம் பின்னால் ஒரு ஜீப்பில். அன்றைக்குப் பூம்பாறையில் மேடம் அவர் அம்மாவுக்கு மலைப்பூண்டு வாங்க நின்றார். பூண்டையும் அவர் அளந்து பார்த்துத்தான் வாங்குவார் என்பதால் எப்படியும் அரை மணி ஆகும். நான் கூக்கால் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, மூடுவதற்கு உறையை எடுத்தேன். நாங்கள் அங்கே வருவது சங்கத்துக்கு அதற்குள் தெரிந்திருந்தது. கொஞ்ச தூரத்தில் ஒரு யூகலிப்டஸ் மரத்தை ஒட்டிச் சிவப்புக் கார் நின்றது.

“உக்காந்து எந்திரிச்சிர்றேன், முத்தையா. ஓட்டக்கூட வேணாம்” என்றார் ஜெயசீலன் சார். “முடியும்னு தெரிஞ்சா காத்திருப்பேன். முடியாதுன்னா இப்பவே மனசத் தேத்திக்குவேன். ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சா போதும்.”

“சார், எனக்கு எட்டு மாசந்தான் இருக்கு.”

“ஒரு நிமிஷந்தான் கேக்குறேன்.”

பஸ் வர மூன்று மணி நேரம் இருந்தது. கரையில் ஆள் இல்லை. கதவைத் திறந்துவிட்டேன்.

கிணற்றில் வாளி விழுகிற மாதிரி உள்ளே இறங்கினார். ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக் கண்ணை மூடினார். கியரை ஒன்றிலிருந்து ஆறு வரை போட்டு எடுத்தார். அறுபத்தொரு வயது முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. “இறங்குங்க சார்” என்றேன். வலது காலை வெளியே போட்டார். அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை.

புது வண்டியின் சீட் பழையதைவிட அரை விரல்கடை தாழ்வு. கதவோரம் ஒட்டியிருந்த பஞ்சு வேறு இடைஞ்சல். பிடிக்கப் பக்கத்தில் மரமும் இல்லை. நான் கையைப் பிடித்து இழுத்தேன். “இழுக்காதீங்க, மூட்டுப் பிடிச்சிருச்சு” என்றார். அக்குளுக்குள் கையைக் கொடுத்துத் தூக்கினேன். சார் வரவில்லை, என் இடுப்புத்தான் பிடித்துக்கொண்டது. பீன்ஸ் மூட்டையோடு போன ஒரு விவசாயி நின்று நிதானமாகப் பார்த்தார்.

“என்னங்க, ஆளு உள்ளயே வேர் விட்டுட்டாரா?”

“ஒரு கை பிடிங்க” என்றேன்.

“பிடிக்கலாம். ஆனா கெழங்க வெரசா புடுங்கினா பாதியில ஒடிஞ்சிரும். சுத்தி மண்ண இளக்கணும்” என்று மூட்டையை இறக்கி வைத்தார். அவர் எந்த மண்ணை இளக்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஜீப் வந்து நின்றது.

மேடம் இறங்கி வந்தார். என்னைப் பார்த்தார். சாரைப் பார்த்தார். எட்டு மாதம், பணிக்கொடை, பிரிவு விழாவில் போடப்போகிற சால்வை எல்லாம் ஏரிக்குள் இறங்கிப் போவது கண்ணில் தெரிந்தது.

“சார், உங்க வயசு?” என்று கேட்டார் மேடம்.

“அறுபத்தொண்ணும்மா. இது என் தப்பு. இவர் வேணாம்னுதான் சொன்னாரு.”

“உயரம்? எந்த முழங்கால்ல வலி அதிகம்?” பதில் வந்ததும், “முத்தையா, எழுதுங்க” என்றார். தாளை எடுத்து எழுதினேன். “யாரும் தொடாதீங்க. சார், நீங்களா இறங்குங்க, அவசரமே இல்ல” என்று ஸ்டாப் வாட்சை அமுக்கினார்.

நான்கு நிமிஷம் பத்து வினாடி. புரண்டு, தவழ்ந்து, கடைசியில் புல்லில் உட்கார்ந்த நிலையில் வெளியே வந்து சேர்ந்தார். நான் அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் மேடம், “திரும்ப ஏறுங்க சார்” என்றார்.

வண்டியை மூடுகிற உறைத்துணியை மடித்து சீட்டின் மேல் போட்டார். இரும்பு டேப்பை வைத்து அதன் கனத்தை அளந்தார். இறங்கச் சொன்னார். இரண்டு நிமிஷம். இன்னொரு மடிப்பு. ஒரு நிமிஷத்துக்கும் கீழே. நான்காவது மடிப்பில் சார் கதவு விளிம்பைப் பிடித்துப் பதினான்கு வினாடியில் எழுந்து நின்றார். விவசாயி கைதட்டினார். “முப்பத்தெட்டு மில்லிமீட்டர். எழுதுங்க” என்றார் மேடம்.

சார் தமது காரில் போய்விட்டார். அதிலிருந்து அவர் எப்படி இறங்கினாரோ, நான் கேட்கவில்லை. மேடம் துணியை உதறி மடித்துக்கொண்டே சொன்னார். “நான் வந்ததுக்கு அப்புறம் நடந்தத நான் எழுதுவேன். அதுக்கு முன்னாடி நடந்தத யாரு எழுதுறது?”

“நானே எழுதுறேங்க மேடம்.”

அன்றைக்கு ‘ஓட்டுநர் கருத்து’ கட்டம் பத்தாமல் தாளின் பின்பக்கம் வரை எழுதினேன். ஒன்றையும் மறைக்கவில்லை. வாளி, கிழங்கு எல்லாம் எழுதினேன். வேலை போயிற்று என்றே வீட்டில் சொல்லிவிட்டேன். என் மனைவி, “இருபத்தெட்டு வருஷம் வாய மூடிட்டு இருந்தீங்க, கடைசியில கதவத் தொறந்துட்டீங்களே” என்றாள்.

அந்தத் தாளை மேடம் தம்முடைய அறிக்கையோடு சேர்த்து அனுப்பினார். தலைமை அலுவலகத்தில் என்ன நடந்தது என்று பிறகு மேடத்தின் ஜீப் டிரைவர் சொன்னான். சீட்டை உயர்த்த வேண்டும் என்று மேடம் ஒரு வருஷமாகவே வாதாடிக்கொண்டிருந்தாராம். டிசைன் பிரிவின் பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. ரசிகர்கள் தாழ்வாகத்தான் கேட்கிறார்கள் என்று, எங்கள் ஃபைலிலிருந்தே அந்தப் பத்துக் கோரிக்கையை எடுத்து மேஜையில் போட்டிருக்கிறார். பக்கத்திலேயே மேடத்தின் அறிக்கை. அந்தப் பெரியவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இதுல முதல் கையெழுத்து ஜெயசீலன். அதுல மாட்டிக்கிட்டவர் பேரும் ஜெயசீலன். ஒரே ஆளா?” என்று கேட்டாராம்.

“ஒரே ஆள்தான் சார்” என்றாராம் மேடம். “ரசிகரா அவர் கேட்டது அந்தப் பேப்பர்ல இருக்கு. வாங்குறவரா அவர் கேட்டது இந்தப் பேப்பர்ல இருக்கு. நாம எந்த ஜெயசீலனுக்கு வண்டி விக்கப்போறோம்?”

எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதமும், இரண்டு வாரம் மணல் மூட்டை தூக்கும் வேலையும் கிடைத்தன. வேலை தப்பியது. சீட்டும் உயர்ந்தது, ஆனால் கம்பெனிக்காரர்கள் பேரம் பேசிவிட்டார்கள். மேடம் கேட்டது முப்பத்தெட்டு மில்லிமீட்டர், அவர்கள் கொடுத்தது இருபது.

நான் ஓய்வு பெற்ற மறு வருஷம் கார் கடைக்கு வந்தது. கையால் போடுகிற கியர் இருந்தது, சத்தம் இருந்தது, சங்கம் பட்டாசு வெடித்தது. சீட் உயர்ந்திருப்பதைக் கண்டுபிடித்ததும் கொந்தளித்தது. எந்தக் கிழவனுக்காக இதை உயர்த்தினார்கள் என்று கண்டனத் தீர்மானம் போட்டார்கள். தீர்மானத்தை எழுதி வாசித்தவர் தலைவர்தான். போனில் எனக்கும் வாசித்துக் காட்டினார். மொழி நடை பிரமாதமாக இருந்தது.

திண்டுக்கல் ஷோரூமுக்கு என்னையும் வரச் சொன்னார். ஆறு மாதமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எழும் பயிற்சியாம், தைலமாம். இருபது மில்லிமீட்டர் போதுமா என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. போதாது என்று இரண்டு பேருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

ஸ்டெல்லா அம்மாவை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். வெளுத்த பருத்திச் சேலை, தோளில் பை, வார்டு ரவுண்டுக்கு வந்த மாதிரி ஒரு நிற்பு. “யாரும் கிட்டப் போகாதீங்க” என்று சேல்ஸ் பெண்ணிடம் சொல்லிவிட்டு, காருக்கு நேர் எதிரே நின்றுகொண்டார்.

சார் ஏறினார். ஏறுவதில் எந்தக் குறையும் இல்லை. கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். பிறகு வலது கால் வெளியே வந்தது. இடது கால் வந்தது. கதவு விளிம்பைப் பிடித்து எழுந்தார், பாதி வந்தார். அங்கேயே நின்றுவிட்டார். மேலேயும் வர முடியவில்லை, திரும்ப உட்காரவும் மனசில்லை. ஸ்டெல்லா அம்மாவை அவர் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். நான் அசையவில்லை.

ஸ்டெல்லா அம்மா திரும்பிக்கொண்டார். காருக்கு முழு முதுகையும் காட்டி, சேல்ஸ் பெண்ணின் தோளைத் தொட்டு அவளையும் அந்தப் பக்கம் திருப்பினார்.

“ஏம்மா, கீழ போடுற இந்த மிதியடி வேற கலர்ல வருமா?”

“கறுப்பு மட்டுந்தாங்க மேடம்.”

“இது தண்ணி பட்டா வழுக்குமா?”

அந்த அம்மாவுக்கு மிதியடியைப் பற்றி இவ்வளவு சந்தேகம் இருக்கும் என்று அந்தப் பெண் எதிர்பார்க்கவில்லை. எத்தனை வருஷம் உழைக்கும், துவைக்கலாமா, வெயிலில் காய வைக்கலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார். ஒரு மூட்டு எழுந்து நிற்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று முப்பது வருஷ நர்ஸுக்குத் தெரியாதா? நான் இரண்டே எட்டில் போய்க் கையைக் கொடுத்தேன். சார் எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“இறங்கியாச்சா?” என்றார் ஸ்டெல்லா அம்மா, திரும்பாமலேயே.

“இறங்கிட்டாருங்க” என்றேன்.

“யாரும் கை குடுக்கலையே, அண்ணே?”

“இல்லீங்க.”

“அப்பச் சரி” என்று பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “சிவப்பே எழுதிக்கம்மா.”